பசை சற்று அதிகம்

மில்வாக்கி. பிப்ரவரி.
பல் மருத்துவர் டெல்பர்ட் ஸ்ட்ரோமையரின்
கார் கொட்டகையில் கார் இல்லை.
சுவர் முழுக்க டிரம்கள், ஆண்டு வாரியாக,
கடைவாய்ப் பற்கள் போல நெருக்கியடித்து.

"உனக்கு எந்தக் காலம்?" என்றார்,
ரத்த வகை கேட்பவர் போல.
தெரியவில்லை.
என்னிடம் இருந்தது ஒரு வேன், எண்ணூறு டாலர்,
நைலாவின் எச்சரிக்கை:
ஒன்று. ஒன்றே ஒன்று.
சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு இடமோ அவ்வளவு.

முதலில் முப்பதுகள்.
பெரிய டிரம்மின் முகத்தில் ஓர் ஏரி,
ஏரியில் படகு, படகில் யாரும் இல்லை.
உள்ளே ஒரு பல்பு. சொடுக்கினார்.
நிலா எழுந்தது.
"அழகுக்கு மட்டும் இல்லை. கன்றுத்தோல்.
ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். பல்பு சூடு காட்டும்."
அந்த நிலா ஓர் அடுப்பு என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு அறுபதுகள்.
இதற்காகத்தான் வந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
ஷாம்பெயின் நிறத்தில் மினுக்கும் உறை.
பதினான்கு வயதில் விலைப்பட்டியலிலிருந்து வெட்டி
கணக்கு நோட்டில் ஒட்டியிருந்தேனே, அதே.
தட்டினேன்.
சொன்ன சொல்லைச் சொன்னபடி திருப்பிச் சொன்னது.
ஒரு குறையும் இல்லை.
ஒரு குறையும் இல்லாததோடு என்ன பேசுவது?
குச்சியைக் கீழே வைத்தேன்.

எழுபதுகளை நின்று பார்க்கவில்லை.
அடித்தோல் இல்லாத டாம்கள், கிணற்று உறைகள் மாதிரி.
"அதற்கும் ஆள் உண்டு," என்றார் டெல்பர்ட், குரல் மாறி.
அப்போது அவருக்குப் பதினேழு வயது இருந்திருக்கும்
என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

மூலையில், பழைய திரைச்சீலைக்கு அடியில்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.
போர். பித்தளை தோட்டாவாகப் போய்விட்டது.
எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உலோகம் கூடாதென்று சட்டம்.
ஆகவே வளையம் மரம், திருகைத் தாங்கும் குமிழும் மரம்.
வெள்ளைப் பூச்சு, கை படும் இடமெல்லாம்
தேநீர் நிறமாகியிருந்தது.
"இதை யாரும் கேட்பதில்லை. பஞ்சகாலத்துச் சாமான்."

ஸ்நேரைக் கவிழ்த்தேன். வாங்க அல்ல, பழக்கத்தால்.
பகலில் நான் குழாய் ரிப்பேர் செய்பவள்,
எதையும் அடியிலிருந்துதான் பார்ப்பேன்.
அடித்தோல் எப்போதோ கிழிந்து போயிருந்தது.
உள்ளே, மூட்டில், பசை வழிந்து உறைந்திருந்தது
சுண்டுவிரல் நீளத்துக்கு.
பக்கத்தில் பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
பசை சற்று அதிகம். அவசரம். – வெ.

வெர்னாவா, வெல்மாவா, வெஸ்டாவா?
ஆண்கள் கடல் தாண்டிப் போன வருடம்.
யார் படிக்க எழுதினாள்?
தோல் கட்டிவிட்டால் எவர் கண்ணும் எட்டாத இடம் அது.
மன்னிப்பும் கேட்கவில்லை.
ஒரு தகவல். அவ்வளவுதான்.

மேல்தோலைத் தட்டினேன்.
கொஞ்சம் யோசித்து,
தொண்டையைச் செருமிக்கொண்டு
பதில் சொன்னது.

முழு செட், அறுநூற்று ஐம்பது.
பேரம் பேசியிருக்க வேண்டும் என்றாள் நைலா.

மார்ச்சில் ஒரு பௌலிங் அரங்கின் பின்கூடத்தில்
போல்கா கல்யாணம்.
கூட்டத்தின் வியர்வையில் மரம் ஊதி
மூன்றாவது ஆட்டத்திலேயே திருகுகள் சிக்கிக்கொண்டன.
சுருதி தன்பாட்டுக்கு இறங்கியது.
அக்கார்டியன்காரர் செஸ்வாஃப் திரும்பிப் பார்த்தார்:
"என்ன டிரம் அது?"
"அவசரத்தில் செய்தது," என்றேன்.
தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஷாம்பெயின் மினுக்கு இன்னும் கனவில் வருகிறது,
பொய் சொல்ல மாட்டேன்.
அந்தப் பசைக்கட்டியை அரத்தால் சீவ
ஐந்து நிமிடம் போதும். சீவவில்லை.
புது அடித்தோல் போட்டு மூடிவிட்டேன்.
மூடுவதற்கு முன், அவள் எழுத்துக்குக் கீழே,
பென்சிலை எடுத்து, வைத்துவிட்டேன்.

இரவில் சலவை இயந்திரம் சுழலும்போது
ஸ்நேரின் கம்பிகள் தாமாகவே முணுமுணுக்கின்றன.
கம்பியைத் தளர்த்தி வையேன் என்கிறாள் நைலா
தலையணைக்குள்ளிருந்து.
நாளைக்கு, என்கிறேன்.